கடைசி மேஜையின் பாதிப் பொட்டு

மார்லிஸ் கெர்பர் ஒரு காமிக்ஸ் புத்தகத்தைக்கூட முழுதாகப் படித்தவள் இல்லை. கேட்டால் ஒளிக்காமல் சொல்வாள். ஆனாலும் பதினாறு வருஷமாக ஊஸ்டர் என்ற சிற்றூரிலிருந்து பெட்டிக்குள் அடைபட்டு வெளியே போன அத்தனை காமிக்ஸும் அவள் கண்ணைத் தாண்டித்தான் போயின. ஹாலிபர்ன் கம்பெனியில் அவளுடையது கடைசி மேஜை.

அதற்கு முன்னால் அதே கட்டிடத்தில் இருபத்திரண்டு வருஷம் கையுறை பார்த்தாள். தையல் நேராக இருக்கிறதா, கட்டைவிரல் கோணிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்துப் பார்த்தே நாற்பத்தேழு வயது ஆகிவிட்டது. கையுறை வேலை கடல் தாண்டிப் போனதும் கட்டிடம் ஒரு வருஷம் பூட்டிக்கிடந்தது. பிறகு ஹாலிபர்ன்காரர்கள் வாடகைக்கு எடுத்துக் காமிக்ஸுக்குத் தரம் போடும் கம்பெனியைத் தொடங்கினார்கள். கையுறைக்காரிக்கு அங்கே என்ன வேலை என்று ஊர் கேட்டது. மார்லிஸ் விண்ணப்பம் எழுதிக்கொண்டு நேரே போய் நின்றாள்.

அன்றைக்கு அவளைப் பேட்டி கண்டவன் ஃபிளாய்ட் பெக்னர். எட்டு வயதிலிருந்து காமிக்ஸ் சேர்த்தவன், தரம் போடுகிறவர்களுக்கெல்லாம் தலைவன். பழைய விண்வெளிக் கதை இதழ் ஒன்றை அவள் முன்னால் வைத்து, "இதுல என்ன கோளாறு, சொல்லு பாப்போம்" என்றான். அவள் புத்தகத்தை விளக்குக்கு நேரே சாய்த்துப் பார்த்தாள். "என்ன கதைன்னு எனக்குத் தெரியாது. முதுகு மடிப்புல பதினோரு கோடு இருக்கு. கீழ் பின்னு மேல் பின்னைவிடப் புதுசு, யாரோ மாத்தியிருக்காங்க" என்றாள். ஃபிளாய்டின் கணக்கில் கோடு ஒன்பதுதான். பூதக்கண்ணாடி வைத்து மறுபடி எண்ணினான். பதினொன்று இருந்தது. அன்றைக்கே வேலை கிடைத்துவிட்டது.

தொழில் புரியாதவர்களுக்காக இதைச் சொல்லியாக வேண்டும். ஜனங்கள் தங்கள் பழைய காமிக்ஸை அனுப்புவார்கள். தரம் போடுகிறவர்கள் பக்கம் எண்ணி, மூலை பார்த்து, பத்துக்கு இவ்வளவு என்று எண் கொடுப்பார்கள். புத்தகத்தைக் கெட்டியான தெளிந்த பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து, எண்ணைச் சீட்டில் அச்சடித்து மேலே செருகி, நான்கு ஓரமும் உருக்கி ஒட்டிவிடுவார்கள். அதற்கப்புறம் அந்தப் புத்தகத்தை யாரும் திறந்து படிக்க முடியாது. படிக்க முடியாமல் செய்யத்தான் காசு கொடுக்கிறார்கள், அப்படியும் ஒரு ஜாதி மனிதர்கள். ஒன்பது புள்ளி எட்டுக்கும் ஒன்பது புள்ளி இரண்டுக்கும் இடையே மயிரிழைக் கோடு நாலுதான் வித்தியாசம். விலையில் பார்த்தால் அது ஒரு காராக இருக்கும்.

ஒட்டிய பெட்டி கடைசியாக மார்லிஸிடம் வரும். சீட்டில் இருக்கும் பெயரும் உள்ளே இருக்கும் புத்தகமும் ஒன்றுதானா, உள்ளே தலைமுடி விழுந்திருக்கிறதா, ஒட்டும்போது மூலை நசுங்கியதா என்று பார்ப்பாள். சரியாக இருந்தால் தன் ஊழியர் எண்ணைக் கணினியில் தட்டி அனுப்பிவிடுவாள். சந்தேகம் வந்தால் பெட்டியின் முதுகில் இடது கீழ் மூலையில் சிவப்புக் காகிதப் பொட்டு ஒன்றை ஒட்டி, நிறுத்தி வைக்கும் அலமாரியில் வைப்பாள். அந்த அலமாரி ஃபிளாய்டின் பொறுப்பு. அவன் பார்த்து, வேண்டுமானால் பெட்டியை உடைத்து மறுபடி தரம் போடச் சொல்வான், சரியாக இருந்தால் திருப்பி அவளிடமே கொடுப்பான். அவள் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் பொட்டைத் துடைத்தெடுத்து அனுப்புவாள். பொட்டு வைத்த சங்கதி எந்தக் கணினியிலும் ஏறாது. இரண்டு பேருக்கு நடுவில் அது போதும் என்று ஆரம்பத்திலேயே ஏற்பட்ட பழக்கம்.

மதியச் சாப்பாடு இருவருக்கும் ஒரே பெஞ்சில். அவள் ரொட்டிக்குள் வைத்த முட்டையைத் தின்பாள், அவன் அன்றைக்கு மேஜைக்கு வந்த புத்தகங்களின் கதையைச் சொல்வான். யார் யாரைக் காட்டிக்கொடுத்தான், எந்தக் கிரகம் வெடித்தது என்பதெல்லாம் அவளுக்கு அவன் வாயால் கேட்டதுதான். அவள் புருஷன் ரே செத்தபோது சவப்பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் ஃபிளாய்டும் ஒருவன். அப்படிப்பட்ட சிநேகிதம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஹாலிபர்ன் குடும்பம் கம்பெனியை முதலீட்டுக்காரர்களுக்கு விற்றது. கிரிஸ்டா வோல் என்றொரு பெண் மேலாளராக வந்தாள். கெட்டவள் என்று சொல்ல முடியாது, காமிக்ஸையும் உருளைக்கிழங்கையும் ஒரே மாதிரி பார்க்கிறவள், அவ்வளவுதான். நாளைக்கு நூற்றெண்பது பெட்டி பார்த்த மார்லிஸ் இனி முந்நூறு பார்க்க வேண்டும் என்றாள். நிறுத்தி வைக்கும் அலமாரி வெள்ளிக்கிழமை சாயங்காலம் காலியாக இருக்க வேண்டும் என்றாள். சிவப்புப் பொட்டு மாதத்துக்கு ஒரு சுருள்தான் என்றாள்.

பொட்டுச் சிக்கனம் மார்லிஸை ஒன்றும் செய்யவில்லை. உப்பு மூட்டை வந்த துணியில் தலையணை உறை தைத்த குடும்பத்துப் பெண் அவள். கத்தரிக்கோலை எடுத்து ஒவ்வொரு பொட்டையும் பாதியாக வெட்டினாள், ஒரு சுருள் இரண்டு சுருளானது. "நிலா பாதிதான் வருது, மார்லிஸ், முழு நிலா எப்ப?" என்று ஃபிளாய்ட் கேலி செய்வான். "கிரிஸ்டாவைக் கேளு. அமாவாசைக்கு எனக்குச் செலவே இல்ல" என்பாள்.

முந்நூறு பெட்டியில் பாதிக்குமேல் பெட்டி மாற்றலுக்கு வந்தவை. பழைய பெட்டியில் விரிசல் விழுந்துவிட்டது, புதிதாக வைத்துக் கொடுங்கள் என்று அனுப்புவார்கள். இதில்தான் இந்தத் தொழிலுக்கே உரிய ஒரு பைத்தியக்காரத்தனம் இருந்தது. ஒருமுறை கொடுத்த எண்ணை மறுபடி கேள்வி கேட்கக் கூடாது. பெட்டிக்குள் இருப்பது பழைய புத்தகம்தானே, அதன் எண் மாறுமா என்பது நியாயம். அதனால் பெட்டி மாற்றலில் எவனும் புத்தகத்தைப் பார்ப்பதில்லை, சீட்டைப் பார்ப்பான், அதே எண்ணைப் புதிதாக அச்சடிப்பான். வேறெந்தக் கடையிலாவது வந்த சாமானைத் திரும்பிப் பார்க்காமல் பழைய சீட்டை நம்புவார்களா? இவர்கள் நம்பினார்கள்.

எவனோ ஒருவன் இதைப் புரிந்துகொண்டான். நல்ல பெட்டியின் ஓரத்தைப் பதமாகச் சூடு காட்டித் திறந்து, உள்ளே இருந்த ஒன்பது புள்ளி எட்டை எடுத்துக்கொண்டு, எட்டுக்கும் தகுதியில்லாத இன்னொரு பிரதியைச் செருகி, பெட்டி விரிசல் விட்டுவிட்டது என்று அனுப்பி வைத்தான். ஒன்றல்ல, மாதம் ஐந்தாறு. பெட்டி மாற்றும் மேஜை சீட்டைப் பார்த்துப் புதுப் பெட்டி கொடுத்தது. மார்லிஸ் மட்டும் புத்தகத்தைப் பார்த்தாள். ஒன்பது புள்ளி எட்டு என்ற எண்ணுக்குக் கீழே துருப்பிடித்த பின் இருந்தால் அவளுக்குப் பொறுக்காது. பாதிப் பொட்டு ஒட்டி அலமாரியில் வைத்தாள். "பாத்துக்கறேன்" என்றான் ஃபிளாய்ட். அவளிடம் அவை திரும்பி வரவில்லை. உடைத்துத் தரம் போடப் போயிருக்கும் என்று நினைத்தாள்.

அந்த மார்ச்சில் அவள் நிஜமாகவே ஒரு தப்பு செய்தாள். ஒரு பெட்டியில் சீட்டு தலைகீழாகச் செருகியிருந்தது, அவள் கவனிக்காமல் அனுப்பிவிட்டாள். வாங்கினவன் படம் எடுத்து இணையத்தில் போட்டான், காமிக்ஸ் உலகமே சிரித்தது. மார்லிஸ் அன்றைக்கு ரொட்டியைத் திறக்கவே இல்லை. "முந்நூறுல ஒண்ணு. விடு" என்று ஃபிளாய்ட் தேற்றினான். பிறகு, "வயசுன்னு ஒண்ணு இருக்குல்ல" என்றும் சொன்னான். அந்த இரண்டாவது வாக்கியம் அவள் மனதில் தங்கிவிட்டது.

ஆகஸ்டில் குட்டு உடைந்தது. சேகரிப்பவர்கள் இணையத்தில் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். ஒரே தர எண், சீட்டில் ஒரே சான்று இலக்கம், உள்ளே வேறு புத்தகம். முப்பத்தெட்டு பெட்டிகள் கண்டுபிடிக்கப்பட்டன. ஏமாற்றினவன் மேல் போலீஸ் வழக்குப் போட்டது, அது தனிக் கதை. கம்பெனியை எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள். உங்கள் கடைசி மேஜையில் யாரும் கண்ணைத் திறந்து பார்ப்பதில்லையா?

கிரிஸ்டா அவளை அறைக்குக் கூப்பிட்டாள். ஃபிளாய்ட் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான்.

"முப்பத்தெட்டும் உங்க நம்பர்லதான் போயிருக்கு, மார்லிஸ்" என்றாள் கிரிஸ்டா.

மார்லிஸ் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "இதுல பலதுக்கு நான் பொட்டு வச்சேன். இந்தத் துருப்பிடிச்ச பின்னு எனக்கு ஞாபகம் இருக்கு. ஃபிளாய்ட், உங்கிட்ட வந்துச்சே."

ஃபிளாய்ட் கையைப் பிசைந்தான். பிறகு மெதுவாக, ஆஸ்பத்திரியில் பேசுகிற குரலில் சொன்னான்: "வரல, மார்லிஸ். பொட்டோட எதுவும் எங்கிட்ட வரல. நீ வைக்கணும்னு நினைச்சிருப்ப. வச்சதா ஞாபகம் இருக்கும். மார்ச்சுல அந்தச் சீட்டு தலைகீழா இருந்ததும் உனக்குத் தெரியலல்ல? கொஞ்ச நாளா நானும் கவனிக்கிறேன், விளக்கை ரொம்பக் கிட்ட இழுத்து வச்சுக்கிற. சொல்ல வாய் வரல."

இதுதான் மார்லிஸை அடித்தது. வேறு யார் சொல்லியிருந்தாலும் சண்டை போட்டிருப்பாள். பதினாறு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவன், அவள் கண்ணின் கூர்மையைப் பார்த்து வேலை கொடுத்தவன், அவனே கண் போய்விட்டது என்கிறான். விளக்கைக் கிட்டே இழுத்தது வாஸ்தவம், முந்நூறு பெட்டிக்கு வேகம் வேண்டுமே என்று இழுத்தாள். ஆனால் அப்போது அந்தக் காரணம் அவளுக்கே நொண்டிச் சாக்காகத் தோன்றியது. அவள் அம்மாவுக்கும் இந்த வயதில்தான் பார்வை மங்கியது.

கிரிஸ்டா நீட்டிய காகிதத்தில் மார்லிஸ் கையெழுத்துப் போட்டாள். பார்வைக் குறைவால் சரிபார்க்கத் தவறினேன், கம்பெனியின் முறைகளில் குறை இல்லை என்று அதில் இருந்தது. வேலையை விட்டு அனுப்பவில்லை, பார்சல் பிரிக்கும் அறைக்கு மாற்றினார்கள். மறுநாள் கம்பெனியின் இணையப் பக்கத்தில் அறிவிப்பு வந்தது. பெயர் போடவில்லை. "நீண்ட காலம் பணியாற்றிய, பார்வை குன்றிய ஊழியர் ஒருவர்" என்று போட்டிருந்தார்கள். ஊஸ்டரில் அது யாரென்று சொல்லத் தனியாக ஆள் வைக்க வேண்டுமா என்ன? மளிகைக் கடையில் காசு வாங்குகிற பெண், சில்லறையை மார்லிஸின் உள்ளங்கையில் வைத்து ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தாள்.

"இனி வண்டி ஓட்டாத. சின்னப் பசங்க தெருவுல விளையாடுறாங்க" என்றான் ஃபிளாய்ட். அது நியாயமாகப் பட்டது. காரை ஆக்ரனில் இருக்கும் தங்கை மகளுக்குக் கொடுத்துவிட்டாள். மெத்தைப் போர்வை தைப்பதை நிறுத்தினாள். தைத்த வரைக்கும் பார்த்துவிட்டு, கோணலாக இருக்குமோ என்று பயந்து, பாதியிலேயே பெட்டியில் வைத்து மூடினாள். தேவாலயத்தில் பாட்டுப் புத்தகத்தைத் திறக்காமல் தெரிந்த வரிகளை மட்டும் பாடினாள். நன்றாகத் தெரிகிற கண்ணை வைத்துக்கொண்டு குருடிபோல் வாழ்வதற்கு ஒருத்தியைப் பழக்க முடியும் என்று நான் முன்பு நம்பியிருக்க மாட்டேன்.

ஃபிளாய்ட் தினமும் காலையில் எட்டு மணிக்கு வந்து கூட்டிக்கொண்டு போனான், சாயங்காலம் கொண்டுவந்து விட்டான். வாசற்படியில் இறங்கும்போது கையைப் பிடித்துக்கொண்டு, "படி இருக்கு, பாத்து" என்பான். பதிலுக்கு அவள் வெள்ளிக்கிழமைதோறும் ஆப்பிள் கேக் செய்து கொடுத்தாள். ஒன்பது வாரம், ஒன்பது கேக். "நீ இல்லைன்னா நான் என்ன ஆகியிருப்பேன்" என்று ஒருநாள் காரில் கண் கலங்கினாள். அவன் சாலையைப் பார்த்துக்கொண்டு, "அதெல்லாம் எதுக்கு இப்போ" என்றான்.

அக்டோபரில் மருத்துவக் காப்பீட்டுக்காரர்கள் கண் சோதனைச் சான்று கேட்டார்கள். கெட்ட சேதியைக் காகிதத்தில் பார்க்க வேண்டாம் என்று இத்தனை நாள் மருத்துவர் பக்கமே போகாமல் இருந்தவள், வேறு வழியில்லாமல் போனாள். டாக்டர் மெய்யர் சொட்டு மருந்து விட்டு, வெளிச்சம் அடித்து, எழுத்து அட்டையின் கடைசி வரிக்கும் கீழே இருந்த அச்சகத்தின் பெயரை அவளே வாசித்ததைக் கேட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"யார் சொன்னது உங்களுக்குக் கண்ணு போச்சுன்னு?"

"என் சிநேகிதன்."

"அவரை வரச் சொல்லுங்க, முதல்ல அவரைப் பாக்கறேன். இந்த வயசுக்கு இது ராஜா கண்ணு. படிக்கிற கண்ணாடியில கால் புள்ளி கூட்டணும், அவ்வளவுதான். போன வருஷமும் இப்படித்தான் இருந்திருக்கும். இது ஒரு நாள்ல போய் ஒரு நாள்ல வர்ற சமாச்சாரம் இல்ல."

நல்ல சேதியைக் கேட்டு அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. கண் சரி என்றால் தப்பு எங்கே? புத்தி பிசகிவிட்டதோ என்று புதிதாக ஒரு பயம்தான் வந்தது. பொட்டு வைத்தேன் என்று நினைத்தது வெறும் நினைப்புதானா?

மறுநாள் பார்சல் அறையில் அந்தக் கேள்விக்குப் பதில் வந்து கிடந்தது. கம்பெனி திரும்ப வரவழைத்த பெட்டிகளில் முதல் கட்டு அன்றைக்குத்தான் வந்தது, பதினான்கு பெட்டி. பிரித்து அடுக்குவது மட்டும்தான் இப்போது அவள் வேலை, பார்ப்பது இல்லை. ஆனால் முப்பத்தெட்டு வருஷப் பழக்கம் கையை விட்டுப் போகுமா? முதல் பெட்டியை எடுத்ததும் கை தானாக அதைக் கவிழ்த்து ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்தது. முதுகில், இடது கீழ் மூலையில், பசை ஒட்டித் தூசி படிந்த ஒரு தழும்பு. அரை வட்டம்.

அடுத்ததை எடுத்தாள். அதே இடம், அதே அரை வட்டம். ஒன்றில் சிவப்புக் காகிதத்தின் துணுக்கே நகம் பட்டுக் கிழிந்து மிச்சமிருந்தது. பதினான்கில் பதினொன்றில் இருந்தது. பொட்டை அவள் எடுத்திருந்தால் ஸ்பிரிட் போட்டுத் துடைத்திருப்பாள், பசை இருக்காது. யாரோ அவசரத்தில் நகத்தால் உரித்திருக்கிறார்கள். அலமாரியிலிருந்து எடுத்து உரிக்கக்கூடியவன் ஒருவன்தான். உலகத்தில் வேறெந்தக் கஞ்சனும் பொட்டைப் பாதியாக வெட்டி ஒட்டியிருக்க மாட்டான்.

அவள் பார்சல் மேஜையில் உட்கார்ந்துவிட்டாள். கோபம் உடனே வரவில்லை. "படி இருக்கு, பாத்து" என்ற குரல்தான் காதில் திரும்பத் திரும்பக் கேட்டது. பிறகு பதினொரு பெட்டிகளையும் தள்ளுவண்டியில் அடுக்கி, டாக்டரின் கடிதத்தை மேலே வைத்து, கிரிஸ்டாவின் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

கிரிஸ்டா முழுவதும் கேட்டாள். அரை வட்டங்களை விரலால் தடவிப் பார்த்தாள், அவள் முகம் மாறியது. ஒரு நிமிஷம் நியாயம் நடக்கப்போகிறது என்றே மார்லிஸ் நம்பினாள். கிரிஸ்டா ஃபிளாய்டைக் கூப்பிட்டனுப்பினாள்.

அவன் வந்தான். பெட்டிகளைப் பார்த்தான், கடிதத்தைப் பார்த்தான், மார்லிஸை மட்டும் பார்க்கவில்லை.

"பெட்டி காலையிலேருந்து இவகிட்டதானே இருக்கு" என்றான் கிரிஸ்டாவிடம். "ஒரு பொட்டை ஒட்டி உரிக்க எவ்வளவு நேரம் ஆகும்? நான் குத்தம் சொல்லல. மனசு ஒடஞ்சுபோன ஆளு, பாவம், தன் பேரைக் காப்பாத்திக்க எதையாவது செய்யத் தோணும்."

"தூசி படிஞ்சிருக்கு, ஃபிளாய்ட்" என்றாள் மார்லிஸ். "காலையில ஒட்டினதுல எப்படித் தூசி படியும்?"

கிரிஸ்டா நாற்காலியில் நகர்ந்து உட்கார்ந்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்பது தெரிந்தது, புரிந்துகொள்ளாமல் இருக்க முடிவு செய்ததும் தெரிந்தது. "கண்ணு இப்போ நல்லா இருக்குன்னுதான் டாக்டர் எழுதியிருக்காரு, அன்னைக்கு எப்படி இருந்துச்சுன்னு இதுல இல்ல. நீங்க கையெழுத்துப் போட்டுட்டீங்க, மார்லிஸ். வக்கீல்கள் அதை வச்சுப் பேசி முடிச்சாச்சு. இப்போ மாத்தினா முறையே தப்புன்னு ஆயிடும், முப்பத்தெட்டு முந்நூத்தெண்பதாயிடும். உங்களுக்குச் சம்பளத்துல எதுவும் குறையல இல்லையா?"

மார்லிஸ் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். பெட்டிகளை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்தாள். மேல்கோட்டை எடுத்துக்கொண்டு, வேலை முடியும் மணி அடிப்பதற்குள் சாலையில் இறங்கி நடந்தாள். வீடு நாலு மைல். ஊஸ்டரில் அந்தச் சாலையில் யாரும் நடப்பதில்லை, நடைபாதையும் கிடையாது.

ஒரு மைல் போயிருப்பாள். பின்னால் ஃபிளாய்டின் கார் வந்து பக்கத்தில் மெதுவாக ஊர்ந்தது. கண்ணாடி இறங்கியது.

"ஏறு, மார்லிஸ். பேசிக்கலாம்."

"நடந்துகிட்டே கேக்குது எனக்கு. சொல்லு."

அவன் வேகத்தை இன்னும் குறைத்தான். பிறகு சொன்னான்: "வெள்ளிக்கிழமை அலமாரி காலியா இருக்கணும். இல்லைன்னா கிரிஸ்டா என் பேருக்கு நேரா சிவப்புல கோடு போடுவா. ஒண்ணை உடைச்சுத் திரும்பத் தரம் போட மூணு நாளு. நீ வாரத்துக்கு நாப்பது வைக்கிற. நான் என்ன செய்ய? பாத்துப் பாத்து உரிச்சேன், அப்புறம் பாக்காமலே உரிச்சேன். உன் நம்பரைப் போட்டு அனுப்பிட்டேன். அந்தப் பொறுக்கிகிட்ட நான் ஒரு காசு வாங்கல, பெவ் மேல சத்தியமா."

பெவ் அவன் மனைவி. சிறுநீரகம் பழுதாகி வாரம் மூன்று நாள் இயந்திரத்தில் கிடக்கிறவள். அவன் வேலையின் காப்பீட்டில்தான் அவள் உயிர் ஓடுகிறது, மார்லிஸுக்குத் தெரியாததல்ல.

"காசு வாங்கியிருந்தாக்கூடத் தேவலையே" என்றாள் மார்லிஸ். "பெவ்வுக்காகன்னு எங்கிட்ட வந்து கேட்டிருந்தா, பழியை நானே வாங்கிட்டுப் போயிருப்பேன். தெரிஞ்சே வாங்கியிருப்பேன். எதுக்கு எனக்குக் கண்ணு போச்சுன்னு சொன்ன?"

"அசட்டைன்னு சொன்னா வேலையை விட்டு அனுப்பியிருப்பாங்க. கண்ணுன்னா பரிதாபப்பட்டு வச்சுப்பாங்க. உனக்கு நல்லதுன்னுதான்..."

"ஒன்பது வாரம் என் கையைப் பிடிச்சுப் படி இறக்கிவிட்டியே, ஃபிளாய்ட். காரைக் கொடுத்தேன், தையலை விட்டேன். ராத்திரி எழுந்தா சுவரைத் தடவிகிட்டுப் போனேன், வெளக்குப் போட்டாலும் தெரியாதுன்னு. ஒரு நாளாவது உன் வாய் கூசலையா?"

"கூசிச்சு. அதனாலதான் தினம் கூட்டிட்டுப் போனேன்."

"நாளைக்குக் கிரிஸ்டாகிட்ட வந்து இதைச் சொல்லுவியா? எங்கிட்ட சொன்னதை அப்படியே?"

கார் ஊர்ந்துகொண்டே இருந்தது. எதிரே வந்த பால் லாரிக்கு அவன் ஒதுங்கினான், மறுபடி பக்கத்தில் வந்தான். "எனக்கு ரிடையர் ஆக இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு" என்றான். "உன் விஷயம்தான் முடிஞ்சுபோச்சே."

மார்லிஸ் நின்றாள். அவனும் நிறுத்தினான். பதினாறு வருஷம் பெஞ்சில் பக்கவாட்டில் பார்த்த முகத்தை நேராகப் பார்த்தாள். காதோரம் நரைத்த மயிர், மூக்கில் கண்ணாடி அழுத்திய தடம், எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. "நீ சொன்ன கதையில எல்லாம் காட்டிக்கொடுக்கிறவன் முகத்தை மூடிக்கிட்டு வருவான்" என்றாள். "நான் அதையும் நம்பிட்டேன்." மறுபடி நடக்கத் தொடங்கினாள்.

சூரியன் சோளக்கொல்லைக்குப் பின்னால் இறங்கிவிட்டிருந்தது. அறுத்த தட்டைகள் சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தன.

"மார்லிஸ், ஏறு" என்று ஃபிளாய்ட் பின்னாலிருந்து கூப்பிட்டான். குரலில் நிஜமாகவே கவலை இருந்தது. "பிடிவாதம் பிடிக்காத. இருட்டுது. உனக்குத்தான் கண்ணு தெரியாதுல்ல."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே உறைத்தது. மார்லிஸ் திரும்பவில்லை. அவள் முதுகுக்குப் பின்னால் அவன் கார் விளக்கைப் போட்டான். அவள் காலடியில் சாலை பளிச்சென்று விரிந்தது, அவள் நிழல் நீளமாக முன்னால் விழுந்தது. அவள் நடைக்குத் தகுந்தாற்போல் கார் வந்துகொண்டிருந்தது, படி இறக்கிவிட்ட அதே பொறுமையோடு.

அந்த வெளிச்சத்தில் ஒரு அடிகூட வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. சாலையை விட்டு இறங்கினாள். பள்ளத்தைத் தாண்டி, முள்வேலியின் கீழ்க் கம்பியைக் காலால் மிதித்து மேல் கம்பியைத் தூக்கிக் குனிந்து நுழைந்து, அறுத்த சோளக்கொல்லைக்குள் நடந்தாள். கார் விளக்கு அங்கே எட்டவில்லை. தட்டை எது, குழி எது என்று பார்த்துப் பார்த்துக் கால் வைத்தாள், எல்லாம் தெரிந்தது.